எந்த இரண்டை எதோடு சேர்ப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்கிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். பெரம்பூரில் இருக்கிறீர்கள், மகன் ஒன்பதாவது படிக்கிறான். டியூஷனில் கொடுத்த தாளில் ‘தொகுத்துக் காரணிப்படுத்துக’ என்று மூன்று கணக்கு இருக்கிறது. அவனோடு உட்கார்ந்து நீங்களும் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். முதல் கணக்கு கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் கடைசியில் இரண்டு அடைப்புக்குறியும் ஒத்துப்போகவில்லை. மற்ற இரண்டும் நகரவே இல்லை. ‘எந்த இரண்டு உறுப்பை எதோடு சேர்ப்பது என்று எப்படித் தெரியும், இது குருட்டாம்போக்கில் போட்டுப் பார்க்கிற விஷயம்தானா’ என்று கேட்டிருக்கிறீர்கள். வழிமுறை உங்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. உங்களை உண்மையில் குடைவது வேறு: கணக்கு வராதபோது தவறு நம் கையில் இருக்கிறதா, கணக்கிலேயே இருக்கிறதா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

வில்லிவாக்கத்தில் சாயங்கால நேரத்தில் ஒன்பது, பத்து வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். இதே கேள்வியை அவர்கள் கேட்கிற விதம் வேறு: ‘சார், இது வருமா வராதா, மொதல்லயே சொல்லிடுங்க.’ சொல்லிவிடலாம். பேனாவை எடுப்பதற்கு முன்பே மனக்கணக்காகப் பார்க்கிற ஒரு சோதனை இருக்கிறது. வகுப்பில் பெரும்பாலும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளைகள் போட்டுப் போட்டுத் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் கண்டுபிடிக்கிறார்கள். பலர் கணக்கே நமக்கு வராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

தமிழ் விசைப்பலகையில் தட்டுவதால், புத்தகத்தில் எக்ஸ் என்று வரும் இடத்தில் எல்லாம் ய என்று எழுதுகிறேன். வேறு மாறிகள் வேண்டியபோது ப, ம. நீங்கள் அனுப்பிய மூன்றும் இவை:

3ய³ − 6ய² − 5ய + 10
ய³ − 6ய² + 11ய − 6
ய³ + 2ய² + 3ய + 5

காரணிப்படுத்துவது என்பது பெருக்கலைப் பின்னோக்கிப் பிரிப்பது. தைத்ததைப் பிரிக்க வேண்டுமானால் தையல் எந்த வழியாக ஓடியது என்று முதலில் தெரிய வேண்டும். அதனால் ஒரு பெருக்கலை முன்னோக்கிச் செய்து பார்ப்போம். (2ய + 3) ஐயும் (ய² − 5) ஐயும் பெருக்கலாம். நோட்டில் இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டம் போடுங்கள். மேலே 2ய, 3 என்றும், இடப்பக்கம் ய², −5 என்றும் எழுதுங்கள். மேல் வரிசையில் 2ய³, 3ய² வரும். கீழ் வரிசையில் −10ய, −15 வரும். நான்கையும் கூட்டினால் 2ய³ + 3ய² − 10ய − 15. இப்போது கட்டங்களை மூலைவிட்டமாகப் பெருக்கிப் பாருங்கள். 2ய³ × −15 என்பது −30ய³. மற்ற மூலைவிட்டம் 3ய² × −10ய, அதுவும் −30ய³தான். இது தற்செயல் இல்லை. ஒவ்வொரு மூலைவிட்டத்திலும் ஓரத்தில் எழுதிய நான்கு சரக்கும் ஒரு முறை வந்துவிடுகிறது. எந்த வழியாகப் பெருக்கினாலும் விடை ஒன்றாகத்தானே இருந்தாக வேண்டும்.

சோதனை இதிலிருந்தே கிடைக்கிறது. நான்கு உறுப்புள்ள ஒரு கோவை, இரண்டு இரண்டு உறுப்பாகத் தொகுத்துப் பொதுக் காரணி எடுக்கிற சாதாரண முறையில் பிரிய வேண்டுமானால், அந்த நான்கில் ஏதோ ஓர் இணையின் பெருக்கல் பலன் மீதி இணையின் பெருக்கல் பலனுக்குச் சமமாக இருக்க வேண்டும். அப்படிச் சமமாக இருந்தால் கண்டிப்பாகப் பிரியும், சமமாக இல்லாவிட்டால் அந்த முறையில் கண்டிப்பாகப் பிரியாது. நான்கு பொருளை இரண்டு இணையாகப் பிரிக்க மூன்றே வழிதான் உண்டு என்பதால் பார்க்க வேண்டியதும் அவ்வளவே. படிகள் 3, 2, 1, 0 என்று வரிசையாக இருக்கிற முப்படிக் கோவையில் அந்த மூன்றும் தேவையில்லை. முதல் கெழு (கெழு என்பது மாறிக்கு முன்னால் நிற்கிற எண்) × கடைசி எண், நடு இரண்டு கெழுக்களின் பெருக்கல், இந்த இரண்டும் சமமா என்று பார்த்தால் போதும்.

எதை எதோடு சேர்ப்பது என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது, கொஞ்சம் தலைகீழாக. பெருக்கல் பலன் சமமாக வருகிற இணைகள் மூலைவிட்டத்தில் உட்கார்ந்திருப்பவை. அவற்றை ஒரே அடைப்புக்குள் போடக்கூடாது. வேறு எப்படிச் சேர்த்தாலும் வரும். வேண்டுமென்றே கலைத்துப் போட்ட கணக்கு ஒன்று: 6பம − 4 + 8ப − 3ம. எழுதியிருக்கிற வரிசைப்படி முதல் இரண்டைச் சேர்த்தால் 2(3பம − 2) என்று வந்து முட்டுச்சந்தில் நிற்கும். சோதனை போடுங்கள். 6பம × −4 = −24பம. 8ப × −3ம = −24பம. ஆக 6பம-வும் −4-உம் ஒன்றாகப் போகக்கூடாது. 6பம-வை 8ப-வோடு சேர்த்தால் 2ப(3ம + 4), மீதி −3ம − 4, அதாவது −1(3ம + 4). விடை (2ப − 1)(3ம + 4). 6பம-வை −3ம-வோடு சேர்த்திருந்தாலும் இதே விடைதான் வரும், போட்டுப் பாருங்கள். அந்த −1-ஐப் பிள்ளைகள் எழுதாமல் விட்டுவிடுவார்கள், வெளியே எடுக்க எதுவும் இல்லையே என்பார்கள். எதுவும் இல்லாத இடத்தில் 1 இருக்கிறது. அதை எழுதச் சொல்லிப் பழக்குங்கள்.

இப்போது உங்கள் முதல் கணக்கு. 3 × 10 = 30. (−6) × (−5) = 30. சமம், ஆகவே நிச்சயம் வரும். வராவிட்டால் தவறு நம் கையில். நீங்கள் எழுதியிருந்த வரியைப் பார்த்தேன்: 3ய²(ய − 2) − 5(ய + 2). இடறியது இரண்டாவது அடைப்பில். −5ய + 10-இலிருந்து −5-ஐ வெளியே எடுக்கும்போது, உள்ளே இருக்கிற ஒவ்வொரு உறுப்பையும் −5-ஆல் வகுக்க வேண்டும். 10-ஐ −5-ஆல் வகுத்தால் −2. எனவே 3ய²(ய − 2) − 5(ய − 2), விடை (3ய² − 5)(ய − 2). குறை எண் வெளியே வரும்போது உள்ளே எல்லாக் குறியும் மாறும் என்று மனப்பாடம் செய்வதைவிட, எடுத்தவுடனே மனதில் திரும்பப் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் மேல். −5 × −2 = +10, தாளில் இருக்கிறது, சரி. ஒரு நொடி வேலை. என்னிடம் வருகிற பிள்ளைகள் தொகுத்தலில் செய்கிற தவறுகளில் பெரும்பங்கு இந்த ஓர் இடத்தில்தான் நடக்கிறது. இது நான் நோட்டு திருத்திப் பார்த்த அளவில் சொல்வது, எங்கும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது கணக்கு: 1 × −6 = −6. (−6) × 11 = −66. சமம் இல்லை. நீங்கள் எந்த இணையைச் சேர்த்திருந்தாலும் வந்திருக்காது. ஆனால் இங்கே அவசரப்பட்டு இதற்குக் காரணியே இல்லை என்று எழுதிவிடக்கூடாது. சோதனை சொல்வது ஒன்றே ஒன்று: இப்போது இருக்கிற இந்த நான்கு உறுப்பை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டிரண்டாகத் தொகுக்க முடியாது. பெருக்கும்போது ஒத்த உறுப்புகள் ஒன்றோடு ஒன்று கலந்திருக்கலாம். (ய − 1)(ய² − 5ய + 6) என்று பெருக்கினால் ஆறு உறுப்பு வரும், அவற்றில் ய² இரண்டும் ய இரண்டும் சேர்ந்து நான்காகச் சுருங்கிவிடும். சுருங்கியதைத் திரும்ப விரித்தால்தான் தொகுக்க முடியும்: ய³ − ய² − 5ய² + 5ய + 6ய − 6. இதில் ய²(ய − 1) − 5ய(ய − 1) + 6(ய − 1) என்று அழகாக விழுகிறது. பிறகு ய² − 5ய + 6 என்பது (ய − 2)(ய − 3).

−6ய²-ஐ −ய² என்றும் −5ய² என்றும் பிரிக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? இதைக் கரும்பலகையில் மந்திரம் போலப் போட்டுக் காட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தை மறைக்கிறார்கள்: (ய − 1) ஒரு காரணி என்று அவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்ட பிறகுதான் பிரிக்கிறார்கள். தெரிந்துகொள்ள உதவுவது காரணித் தேற்றம்: ய-க்கு ஓர் எண்ணைப் போட்டுக் கோவை பூச்சியமானால், ய-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தது ஒரு காரணி. ய-க்கு 1 போட்டால் 1 − 6 + 11 − 6 = 0, ஆகவே (ய − 1) காரணி. கெழுக்களை எல்லாம் கூட்டினால் பூச்சியம் வருகிறதா என்று பார்ப்பதும் இதுவே. அது வராவிட்டால் −1 போட்டுப் பார்ப்பது அடுத்த படி. அதன் பிறகும் கண்டபடி எண்களைப் போட வேண்டியதில்லை. கெழுக்கள் முழு எண்களாக இருந்தால், விகிதமுறு மூலம் (கோவையைப் பூச்சியமாக்குகிற முழு எண் அல்லது பின்னம்) எதுவானாலும், சுருக்கி எழுதினால் அதன் தொகுதி கடைசி எண்ணை வகுக்கும், பகுதி முதல் கெழுவை வகுக்கும். முதல் கெழு 1 என்றால் கடைசி எண்ணின் வகுத்திகளை, கூட்டலிலும் கழித்தலிலும், பார்த்தால் போதும். சமச்சீர் பாடத்தில் எட்டாம் வகுப்பில் தொகுத்தல் வருகிறது, ஒன்பதில் காரணித் தேற்றமும் தொகுமுறை வகுத்தலும் (கெழுக்களை மட்டும் எழுதி வகுக்கிற முறை) வருகின்றன. பிள்ளைகள் அவற்றைத் தனித்தனிப் பாடமாக நினைக்கிறார்கள். மேலே ஆறு உறுப்பாக விரித்துத் தொகுத்தோமே, அந்த 1, −5, 6 என்ற எண்களைத்தான் தொகுமுறை வகுத்தலின் கடைசி வரியும் கொடுக்கும். வேலை ஒன்றுதான், எழுதுகிற விதம் வேறு.

சோதனையில் தவறியும் தொகுத்தலிலேயே வந்துவிடுகிற இரண்டு வகை உண்டு, தேர்வுத்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடித்தமானவை. ய³ + 2ய² + 2ய + 1-இல் 1 × 1-உம் 2 × 2-உம் சமமில்லை. ஆனால் இரண்டு ஓரங்களையும் சேர்த்தால் ய³ + 1, அதற்குக் கன முற்றொருமை இருக்கிறது: (ய + 1)(ய² − ய + 1). நடு இரண்டும் 2ய(ய + 1). ஆக (ய + 1)(ய² + ய + 1). இன்னொன்று ய² + 6ய + 9 − ம². இங்கே இரண்டிரண்டாகப் பார்ப்பதே தவறு, மூன்றும் ஒன்றுமாகப் பார்க்க வேண்டும்: (ய + 3)² − ம², அதாவது (ய + 3 + ம)(ய + 3 − ம). நான்கு உறுப்பில் வர்க்கம் போலத் தெரிகிற உறுப்புகள் இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இருபடிக் கோவையில் ‘நடு உறுப்பைப் பிரித்தல்’ என்று படித்திருப்பீர்கள். முதலையும் கடைசியையும் பெருக்கு, அந்தப் பலன் வருகிற மாதிரி, கூட்டினால் நடுக் கெழு வருகிற மாதிரி இரண்டு எண் தேடு என்பார்கள். எதற்காகப் பெருக்க வேண்டும் என்று கேட்டால் பல பேருக்குச் சொல்லத் தெரியாது. அதே மூலைவிட்டம்தான். 6ய² + ய − 12-இல் நடு உறுப்பை இரண்டாக உடைத்து நான்கு உறுப்பாக்கப் போகிறோம். நான்கு உறுப்பு தொகுபட வேண்டுமானால் நடு இரண்டின் பெருக்கல், ஓரம் இரண்டின் பெருக்கலுக்குச் சமமாக வேண்டும், அதாவது −72. பெருக்கினால் −72, கூட்டினால் 1. அவை 9, −8. 6ய² + 9ய − 8ய − 12 = 3ய(2ய + 3) − 4(2ய + 3) = (3ய − 4)(2ய + 3). எண் தேடியே நேரம் போகிறது என்றால் தேடாமலும் எடுக்கலாம். நடுக் கெழுவின் வர்க்கத்திலிருந்து நான்கு மடங்கு −72-ஐக் கழியுங்கள்: 1 + 288 = 289. அதன் வர்க்கமூலம் 17. (1 + 17) ÷ 2 = 9, (1 − 17) ÷ 2 = −8. அந்த 289 முழு வர்க்கமாக இல்லாமல் போனால், முழு எண் கெழுக்களோடு காரணி கிடையவே கிடையாது, தேடுவதை நிறுத்திவிடலாம். இருபடியைப் பொறுத்தவரை இது சந்தேகமே இல்லாத முடிவு.

முப்படியிலும் கிட்டத்தட்ட அதே உறுதி கிடைக்கும். முப்படிக் கோவை பிரிந்தால் ஒரு துண்டாவது முதல் படியாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே விகிதமுறு மூலம் ஒன்றுகூட இல்லை என்று பார்த்துவிட்டால், விகிதமுறு கெழுக்களோடு காரணி இல்லை என்று துணிந்து எழுதலாம். நான்காம் படிக்குப் போனால் இந்த உறுதி போய்விடும். ய⁴ + 4-க்கு மெய் மூலமே கிடையாது, எந்த மெய்யெண்ணைப் போட்டாலும் 4-க்குக் குறையாது. இருந்தும் 4ய²-ஐக் கூட்டிக் கழித்தால் (ய² + 2)² − (2ய)² ஆகி, (ய² + 2ய + 2)(ய² − 2ய + 2) என்று பிரிந்துவிடுகிறது. சோஃபி ஜெர்மைன் என்ற பிரெஞ்சுக் கணித மேதையின் (1776–1831) பெயரால் வழங்குகிற முற்றொருமை இது. ஒன்பதாம் வகுப்புக்கு அவசியமில்லை. ஆனால் பையனுக்கு ஆர்வம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைக் கொடுத்துப் பாருங்கள்.

கோவையாக இல்லாமல் சமன்பாடாக வரும்போது இன்னொரு கவனம் வேண்டும். வலப்பக்கம் பூச்சியமாக இருந்தால் மட்டும்தான் காரணிகளைத் தனித்தனியாகப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தலாம். ய(ய − 3) = 10 என்று இருந்தால், ய = 10 அல்லது ய − 3 = 10 என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. 10-ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்து ய² − 3ய − 10 = 0 ஆக்கி, (ய − 5)(ய + 2) = 0 என்று பிரித்தால் 5, −2 கிடைக்கும். அதேபோல ய³ = 4ய என்று வந்தால் இரு பக்கமும் ய-ஆல் வகுத்து ‘அடித்துவிட’ கை துறுதுறுக்கும். அடித்தால் 2-உம் −2-உம் கிடைக்கும், 0 என்ற விடை காணாமல் போகும். ய(ய² − 4) = 0 என்று காரணியாக வைத்தால் மூன்றும் கையில் இருக்கும்.

பள்ளித் தேர்வில் அந்தச் சோதனை வரியை எழுத வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். அது உரசிப் பார்க்க மட்டும், ஓரத்தில் பென்சிலால் போட்டால் போதும். விடைத்தாளில் தொகுத்த படி, பொதுக் காரணி எடுத்த படி, விடை, மூன்றும் இருக்கட்டும். எத்தனை கணக்கு போட்டால் கை பழகும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும், அதற்கு விதி எதுவும் கிடையாது. என் வகுப்பில் நான் செய்வது, பிள்ளையையே இரண்டு அடைப்பைப் பெருக்கச் சொல்லி, விடையை மட்டும் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்வது. வீட்டில் அந்தப் பக்கத்து ஆள் நீங்கள்தான். ஒரு முறை நீங்கள் பெருக்கிக் கொடுங்கள், ஒரு முறை அவன் கொடுக்கட்டும். அச்சடித்த கணக்குகளே வேண்டுமென்றால் பாடநூல் கழகத்தின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களின் பயிற்சிகள் போதும், தனியாக கைடு வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவது கணக்கை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். ய³ + 2ய² + 3ய + 5. 1 × 5 = 5, 2 × 3 = 6, சோதனையில் தவறுகிறது. முதல் கெழு 1 என்பதால், விகிதமுறு மூலம் இருந்தால் அது 1, −1, 5, −5 இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எல்லாக் கெழுவும் மிகை என்பதால் 1-உம் 5-உம் போட்டால் பூச்சியம் வர வழியே இல்லை. −1 போட்டால் −1 + 2 − 3 + 5 = 3. −5 போட்டால் −125 + 50 − 15 + 5 = −85. நான்கும் இல்லை. எனவே முழு எண்ணோ பின்னமோ கெழுவாக வைத்துக்கொண்டு இதைக் காரணிப்படுத்த முடியாது, இது உறுதி. முப்படி என்பதால் ஒரு மெய் மூலம் எங்கோ இருக்கத்தான் செய்யும் (மேலே பாருங்கள், −1-க்கு மிகை, −5-க்குக் குறை, நடுவில் எங்கோ பூச்சியத்தைத் தாண்டுகிறது), ஆனால் அது ஒன்பதாம் வகுப்பில் பேசுகிற காரணி இல்லை. முப்படிக்குப் பொதுச் சூத்திரத்தை இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோ 1545-இலேயே அச்சில் கொண்டுவந்துவிட்டார், அதையும் இந்தக் கணக்குக்காகத் தேடிப் போகாதீர்கள்.

அச்சுப் பிழையா என்று கேட்டால், அது என் ஊகம் மட்டும்தான். கடைசி எண் 6 என்று இருந்திருந்தால் 1 × 6 = 2 × 3 என்று கச்சிதமாக உட்காரும், ய²(ய + 2) + 3(ய + 2), விடை (ய² + 3)(ய + 2). ‘தொகுத்துக் காரணிப்படுத்துக’ என்ற தலைப்பின் கீழ் அந்தக் கணக்கைத்தான் வைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. பையனிடம் −1, −5 போட்டுப் பார்த்த அந்த இரண்டு வரியையும் அவன் கையாலேயே எழுதச் சொல்லி, டியூஷன் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். ‘கணக்கு தப்பு மிஸ்’ என்று சொல்ல வேண்டாம், ‘கடைசி நம்பர் ஆறா மிஸ்?’ என்று கேட்டால் போதும்.